கோடையில் கொல்லைத் தோட்டம்

வீட்டை ஒட்டிய சிறு நிலத்தில், வீட்டாரின் தேவைக்காகக் கீரை, காய்கறி, பூச்செடி ஆகியவற்றை வளர்க்கும் இடம் கொல்லைத் தோட்டம் எனப்படும். விற்பனைக்குப் பயிரிடும் வயலுக்கும் தோப்புக்கும் உரிய பாசன வசதி இதற்குக் கிடையாது. ஏரி மடையோ ஆற்று வாய்க்காலோ இதை நோக்கி வருவதில்லை. ஆயினும் ஆண்டில் பல மாதங்கள் மழையின்றி இருக்கும் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் இத்தகைய தோட்டங்கள் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்தன. குளித்த நீர், துவைத்த நீர், பாத்திரம் கழுவிய நீர் ஆகியவை மீண்டும் மண்ணுக்குச் சென்றதே இதற்கு முதன்மைக் காரணம். வீட்டு நீர் கழிவுநீராகிச் சாக்கடைக்குள் சென்றபோது தோட்டமும் சுருங்கியது. இக்கட்டுரை அந்த வரலாற்றைக் கோடைக்காலத்தை மையமாகக் கொண்டு விளக்குகிறது.

பெயர்கள்

சங்க இலக்கியங்களில் வீட்டை அடுத்த தோட்டத்தைக் குறிக்கப் ‘படப்பை’ என்னும் சொல் வழங்குகிறது. ‘கொல்லை’ என்பது அக்காலத்தில் முல்லை நிலத்து மேட்டுப் புன்செயைக் குறித்தது. வானம் பார்த்த அந்நிலத்தில் வரகு, தினை போன்றவை விளைந்தன. பிற்காலத்தில் இச்சொல் வீட்டின் பின்புற நிலத்தைக் குறிப்பதாயிற்று. ‘புழக்கடை’ என்பதும் வீட்டின் பின்பக்கத்தையே சுட்டும். கிணறு, துவைக்கும் கல், மாட்டுத் தொழுவம், எருக்குழி ஆகிய யாவும் அங்கேதான் இருந்தன. யாழ்ப்பாணத்தில் வீடும் அதைச் சூழ்ந்த நிலமும் சேர்ந்து ‘வளவு’ எனப்படும்.

கோயிலுக்குப் பூக்கொடுக்கும் தோட்டம் நந்தவனம். செடிகளுக்கு நீர் தேங்கும்படி வரப்பு கட்டிய சிறு பகுதி பாத்தி. கொடி படரக் கழிகளால் அமைப்பது பந்தல். இச்சொற்கள் இன்றும் வழக்கில் உள்ளன.

கோடையின் இயல்பு

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. தைக்குப் பிறகு மழை மிகக் குறைவு. மாசி, பங்குனியில் மேல்மண் காயத் தொடங்கும். சித்திரையில் கிணற்று நீர் அடிமட்டத்தை நெருங்கும். மே மாதத் தொடக்கம் முதல் அம்மாத இறுதிவரை நீடிக்கும் ஏறத்தாழ 25 நாட்கள் ‘அக்னி நட்சத்திரம்’ அல்லது ‘கத்திரி வெயில்’ எனப்படுகின்றன. இடையில் ஓரிரு முறை கோடை மழை பெய்வதுண்டு. ஆனால் அதை நம்பிச் செடி வைக்க முடியாது.

தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தபோது வெயில் காலத்துக்கே இளவேனில், முதுவேனில் என இரண்டு பருவங்களை ஒதுக்கினர். முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வறண்டால் பாலையாகும் என்ற கருத்தும் பழைமையானது. கோடை நிலத்தின் தன்மையையே மாற்றிவிடும் என்பதை அக்காலத்தவர் நன்கு அறிந்திருந்தனர்.

பழைய சான்றுகள்

வீட்டுச் செடியோடு மக்களுக்கு இருந்த உறவைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. நற்றிணைப் பாடல் ஒன்றில், வீட்டில் வளர்ந்த வயலைக்கொடியைக் கன்று ஈன்ற பசு தின்றுவிடுகிறது. அதைக் கண்ட சிறுமி பந்தை எறிந்துவிட்டு, விளையாட்டுப் பாவையையும் ஒதுக்கிவிட்டு வருந்துகிறாள். அவள் தாயின் நினைவாக இச்செய்தி சொல்லப்படுகிறது. வீட்டுக்கொடியைப் பேணியவர்கள் பெண்களும் பிள்ளைகளுமே என்பதற்கு இது பழைய சான்று. பற்றுக்கோடின்றித் தவித்த முல்லைக்கொடிக்குப் பாரி தன் தேரைக் கொடுத்த செய்தியைச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது.

நீர் இறைக்கும் கருவிகள் பலவற்றைச் சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஏற்றம் அவற்றுள் ஒன்று. திருக்குறளின் உழவு அதிகாரம், ஏர் உழுவதைவிட எரு இடுவது நல்லது என்றும், நீர் பாய்ச்சுவதைவிடப் பயிரைக் காப்பது நல்லது என்றும் கூறுகிறது. கோடைத் தோட்டத்துக்கு இக்கருத்து முழுவதும் பொருந்தும். மண்ணில் மக்கிய எரு மிகுந்தால் ஈரம் நெடுநேரம் நிற்கும். ஆடும் கோழியும் மேயாமல் காத்தால்தான் ஊற்றிய நீருக்குப் பயன் உண்டு.

பக்தி இயக்கக் காலத்தில் பூந்தோட்டம் சமயப் பணியாகவும் சிறப்புப் பெற்றது. பெரியாழ்வார் திருவில்லிபுத்தூரிலும் தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும் நந்தவனம் அமைத்துப் பூமாலை தொடுத்தனர் என்பது வைணவ மரபு. சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தவனத்துக்கு நிலம் விட்ட செய்திகளும், அங்குப் பணிசெய்வோருக்கு ஊதியமாக நெல்லோ நிலமோ ஒதுக்கிய செய்திகளும் உள்ளன. ஆண்டு முழுவதும், குறிப்பாகக் கோடையிலும், பூ தவறாமல் கிடைக்க வேண்டுமானால் நீர் இறைப்பவருக்கு நிலையான வாழ்வாதாரம் தேவை என்பதை இவ்வறக்கட்டளைகள் உணர்த்துகின்றன.

கிணற்றடியின் அமைப்பு

பழைய வீடுகளில் கிணற்றடியே தோட்டத்தின் தலைமடை. கிணற்றைச் சுற்றிக் கல் பாவிய தளம் இருக்கும். அதன் ஓரத்தில் துவைக்கும் கல். தளம் ஒரு பக்கம் சற்றே சரிந்திருக்கும். குளித்த நீரும் துவைத்த நீரும் அச்சரிவில் ஓடி, சிறு கால்வாய் வழியே தோட்டத்துக்குள் செல்லும்.

செடிகள் நின்ற வரிசையிலும் ஒரு முறை இருந்தது. கால்வாயின் தொடக்கத்தில் வாழையும் சேம்பும் இருக்கும். இவை மிகுந்த நீரை ஏற்பவை. சற்று அழுக்கான நீரையும் தாங்குபவை. அடுத்துத் தென்னை, எலுமிச்சை போன்ற மரங்கள். கீரைப் பாத்திக்கும் பூச்செடிக்கும் பெரும்பாலும் கிணற்றிலிருந்து நேராக இறைத்த நீரை ஊற்றுவர். கீரை மண்ணை ஒட்டி வளர்வது, விரைவில் பறித்து உண்ணப்படுவது என்பதால் இந்தப் பாகுபாடு தேவையாயிற்று.

அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைக்குப் போகும். புளித்த மோரும் அதற்கே. மாடுள்ள வீட்டில் அரிசி களைந்த நீர் முதலில் கழுநீர்த் தொட்டிக்குச் செல்லும். பின்னர் அது சாணமும் கோமியமுமாக எருக்குழிக்கு வந்து சேரும். இவ்வாறு ஒரே நீர் இரண்டு மூன்று வேலைகளைச் செய்தது.

அன்று குளிக்கச் சீயக்காயும் அரப்பும், துணி வெளுக்க உவர்மண்ணும் பயன்பட்டன. சீயக்காய், அரப்பு கலந்த நீரால் செடிக்குப் பெரிய கேடில்லை. உவர்மண் நீர் வெளுக்கும் துறைகளிலேயே மிகுதியாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சலவைத்தூள் வீடுதோறும் பரவிய பின்னரே, துவைத்த நீர் செடிக்கு ஆகுமா என்ற ஐயம் பெரிதாக எழுந்தது. அத்தூளில் உள்ள சோடிய உப்புகள் மண்ணை இறுகச் செய்யக்கூடியவை.

ஒரு சிறு கணக்கு

பயன்பட்ட நீர் எவ்வளவு தோட்டத்தைக் காக்கும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீரை ஊற்றினால் அது 1 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். கடும் கோடையில் காய்கறிப் பாத்தி ஒன்று வெயிலாலும் இலை வழியாகவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அளவுக்கு நீரை இழக்கிறது எனக் கொள்வோம். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு நாள்தோறும் 5 லிட்டர் தேவை.

ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒவ்வொருவரும் 20 லிட்டரில் குளித்தால் 100 லிட்டர் நீர் வெளியேறும். அது 20 சதுர மீட்டர் தோட்டத்துக்குப் போதுமானது. கீரை, கத்திரி, வெண்டை, நான்கைந்து பூச்செடிகள், ஒரு பந்தல் கொடி ஆகியவற்றுக்கு அந்த இடம் போதும். மண்ணின் தன்மை, காற்று, நிழல் ஆகியவற்றுக்கேற்ப இக்கணக்கு மாறும். எனினும், வீட்டார் குளிக்கும் அளவுக்கு நீர் உள்ளவரை சிறு தோட்டம் ஒன்றைக் காக்க இயலும் என்பது இதனால் விளங்கும்.

கோடைக்கு ஏற்ற செடிகள்

வறட்சியைத் தாங்கும் செடிகளைத் தேர்வதே தோட்டக்காரரின் முதல் திறமை. ஆடிப்பட்டத்தைப் போலவே தைப்பட்டம், சித்திரைப்பட்டம் ஆகியவையும் விதைப்புக்கு உரியவை. தையில் ஊன்றிய வெண்டையும் கொத்தவரையும் கோடையில் காய்க்கும். கத்திரியின் வேர் ஓரளவு ஆழமாகச் செல்வதால் ஒருநாள் நீர் தவறினாலும் பட்டுப்போகாது. வெள்ளரி, பூசணி, சுரை, பீர்க்கு, பாகல் போன்ற கொடிகள் வெயிலை விரும்புபவை. ஆனால் வேரடியில் ஈரம் வேண்டும். பந்தலில் ஏறிய கொடி தன் வேருக்குத் தானே நிழல் தரும். அதன் அடியில் கீரைப் பாத்தி அமைப்பதும் உண்டு.

முருங்கை கோடைத் தோட்டத்தின் அரண் எனலாம். பிற காய்கள் குறையும் பங்குனி, சித்திரை மாதங்களில்தான் அது மிகுதியாகக் காய்க்கிறது. கிளையை வெட்டி நட்டாலே வேர்விடும். இலை, பூ, காய் மூன்றும் உணவாகும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 என்னும் செடிமுருங்கை, விதைத்த ஆறாம் மாதத்திலேயே காய்க்கத் தொடங்குவதால் சிறு இடங்களுக்கும் ஏற்றதாயிற்று. அகத்தி, சுண்டை, பிரண்டை, தூதுவளை ஆகியனவும் குறைந்த நீரில் வாழ்பவை.

பூக்களில் மல்லிகைக்குக் கோடையே உரிய பருவம். கார்த்திகை வாக்கில் கிளைகளை வெட்டிவிட்டால் மார்ச் முதல் ஜூலை வரை மிகுதியாகப் பூக்கும். மதுரை மல்லிகைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி, கனகாம்பரம் ஆகியவற்றையும் கோடையில் காப்பாற்றலாம். நடுப்பகல் வெயில் படாத இடம் கனகாம்பரத்துக்கு ஏற்றது.

இன்று ‘நாட்டுச் செடி’ எனக் கருதப்படும் பலவும் வெளியிலிருந்து வந்தவை. மிளகாய், பப்பாளி, கொய்யா, துலுக்கச் செவ்வந்தி ஆகியவற்றின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1498க்குப் பிறகு போர்த்துக்கீசியரின் கடல்வழித் தொடர்பால் மிளகாய் இந்தியாவில் பரவியது. தக்காளி ஆங்கிலேயர் காலத்திலேயே பரவலாயிற்று. 1835இல் சென்னையில் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம், புதிய செடிகளை அறிமுகம் செய்வதிலும் பூங்கா வளர்ப்பிலும் பங்காற்றியது. புதியவற்றுள் இந்த வெயிலையும் கிணற்றடி நீரையும் தாங்கியவை நாளடைவில் கொல்லையில் நிலைத்துவிட்டன.

ஈரம் காத்த முறைகள்

நீரை ஊற்றுவதோடு, ஊற்றிய நீரை மண்ணில் நிறுத்தவும் வழிகள் கையாளப்பட்டன. மழைக்காலத்தில் நீர் வடியும்படி உயர்த்திக் கட்டிய பாத்தியைக் கோடையில் தாழ்த்திக் கட்டுவர். விடியற்காலையிலோ பொழுது சாயும் நேரத்திலோ நீர் ஊற்றுவர். உச்சி வெயிலில் ஊற்றும் நீரில் கணிசமான பகுதி மேல்மண்ணிலேயே ஆவியாகிவிடும்.

சருகு, வைக்கோல், வாழைச்சருகு ஆகியவற்றை வேரடியில் பரப்புவது மூடாக்கு. தென்னை, எலுமிச்சை மரங்களைச் சுற்றிக் குழி வெட்டித் தேங்காய் மட்டைகளைப் புதைப்பர். மட்டை நீரை உறிஞ்சி வைத்து, மெல்ல மெல்ல வேருக்குத் தரும். நாற்றுகளுக்குத் தென்னங்கீற்றால் நிழல் கட்டுவர். கோடையில் கிணற்றைத் தூர்வாரும்போது கிடைக்கும் வண்டல் தோட்டத்துக்கு உரமாகும்.

மண்பானையைச் செடிக்கருகில் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பும் முறையும் உண்டு. பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து, வேர் உள்ள இடத்தை மட்டும் நனைக்கும். சூளையில் சுட்ட சாதாரணப் பானையே இதற்கு ஏற்றது. மெருகேற்றிய பானையில் நீர் கசியாது. இம்முறை சீனத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வேளாண் நூல் ஒன்றில் எழுதப்பட்டுள்ளது.

யாழ்ப்பாணத்து வளவு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளில் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. குடிநீருக்கும் தோட்டத்துக்கும் கிணறே வழி. மிகையாக இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலேறிவிடும். ஆகவே அளவறிந்து இறைப்பது அங்குக் கட்டாயமாக இருந்தது.

நீர் இறைக்கத் துலா பயன்பட்டது. ஒருவர் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் கிணற்றடியில் நின்று நீரை வாய்க்காலில் கவிழ்ப்பார். பனையோலையால் இழைத்த பட்டையிலும் நீர் அள்ளினர். வளவின் எல்லையில் பூவரசு, கிளுவை ஆகியவற்றின் கதியால்களை நட்டு வேலி அமைத்தனர். அவ்வேலி காற்றைத் தடுத்தது, நிழல் தந்தது, அதன் இலைகுழை வெட்டி மண்ணில் புதைக்கப்பட்டு உரமுமாயிற்று. கிணற்றடியில் வாழையும் கமுகும் நிற்பது அங்கு வழக்கமான காட்சி. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவியதும் பயிர்ப்பரப்பு பெருகியது. கிணறுகள் உவராகும் இடரும் கூடியது.

உழைப்பும் உரிமையும்

கொல்லைத் தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது அதன் உழைப்பை மறந்துவிடக் கூடாது. கோடையில் கிணற்று நீர் ஆழத்துக்குச் செல்லச் செல்ல, ஒவ்வொரு வாளிக்கும் இழுக்கும் கயிற்றின் நீளம் கூடும். அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்மேல் விழுந்தது. மேலே கண்ட கணக்கின்படி 20 சதுர மீட்டர் தோட்டத்துக்கு 100 லிட்டர் நீர் வேண்டும். 10 லிட்டர் வாளியில் அது பத்து நடை. பயன்பட்ட நீர் தானாகவே கால்வாயில் ஓடிச் சேர்ந்ததால் அந்தப் பத்து நடையும் மிச்சமாயிற்று. கிணற்றடிச் சரிவு நீரைச் சேமித்ததோடு உழைப்பையும் குறைத்தது.

எல்லா வீட்டுக்கும் இந்த வசதி இருந்ததில்லை. சொந்தக் கிணறும் பின்புற நிலமும் உடையவர்களே இத்தகைய தோட்டம் வைத்தனர். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கும் உரிமையே பல ஊர்களில் மறுக்கப்பட்டிருந்தது. நெருக்கமான குடியிருப்புகளில் கொல்லைக்கு இடமும் இல்லை. அங்கு, கூரைமேல் படரவிட்ட சுரையும் பூசணியும், வாசலோர முருங்கையும் தோட்டத்தின் இடத்தை நிரப்பின. வேரூன்ற ஒரு சாண் மண் கிடைத்தால் போதும். காய்க்கும் இடம் கூரை.

கடும் பஞ்சத்தில் கொல்லைத் தோட்டமும் கைகொடுக்கவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், மழை பொய்த்துக் கிணறுகள் வற்றின. குடிக்கவே நீரில்லாத நிலையில் செடிக்கு விட ஏது நீர்? காட்டுக் கீரைகளையும் கிழங்குகளையும் தேடி மக்கள் அலைந்தனர். ஒரு பருவத்து வறட்சியை வீட்டுத் தோட்டம் தாங்கும். அடுத்தடுத்து மழை பொய்த்தால் அதற்கு ஊரளவில் நீர்ச் சேமிப்பு தேவை. ஏரியும் குளமும் நிறைந்திருந்தால்தான் கொல்லைக் கிணற்றிலும் நீர் ஊறும்.

குழாய் நீரும் நகரமும்

சென்னையில் கோட்டைக்கு நீர் தரும் ஏழுகிணறு 1772இல் அமைந்தது. செங்குன்றம் ஏரியிலிருந்து நகருக்கு நீர் வழங்கும் திட்டம் 1872இல் செயல்படத் தொடங்கியது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. பாதாளச் சாக்கடை 20ஆம் நூற்றாண்டில் படிப்படியாக விரிந்தது. இவை உயிர்காத்த பணிகள் என்பதில் ஐயமில்லை. தேங்கிய கழிவுநீரால் கொசுவும் யானைக்கால் நோயும், மாசுபட்ட குடிநீரால் காலராவும் பரவிய நகரங்களுக்குத் தூய குடிநீரும் மூடிய சாக்கடையும் இன்றியமையாதவை.

ஆனால் ஒரு மாற்றம் கவனிக்கப்படாமல் நிகழ்ந்தது. மலநீரும் குளியல் நீரும் ஒரே குழாயில் சேர்ந்தன. அதுவரை தோட்டத்துக்குச் சென்ற நீரும் ‘கழிவு’ ஆயிற்று. செடிக்கு ஊற்றக் குடிநீரையே எடுக்க வேண்டியதாயிற்று. கோடையில் குடிநீர் குறைந்தவுடன் முதலில் வாடியது தோட்டமே. 1970களிலிருந்து ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. பல இடங்களில் திறந்த கிணறுகள் வற்றின. வற்றிய கிணறுகள் மூடப்பட்டன. கொல்லை இருந்த இடத்தில் கூடுதல் அறைகளும் அடுக்குமாடிகளும் எழுந்தன. எஞ்சிய தரைக்கும் சிமெண்டு பூசப்பட்டதால் மழைநீர் மண்ணில் இறங்கும் வழியும் அடைபட்டது.

உணவும் அரசும்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, 1942-43இல் ‘அதிக உணவு பயிரிடுவோம்’ என்னும் இயக்கம் இந்தியாவில் தொடங்கப்பட்டது. தானியத்தோடு, கிடைத்த இடத்தில் காய்கறி பயிரிடுவதும் அக்காலத்தில் ஊக்குவிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின், தமிழகத்தில் 1956இல் காமராசர் காலத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவுத் திட்டமும் விரிந்தன. சத்துணவு மையங்களில் முருங்கை, பப்பாளி, கீரை வளர்ப்பது அறிவுறுத்தப்பட்டது.

இதன் பின்னணியில் உடல்நலக் காரணம் உண்டு. வைட்டமின் ஏ குறைந்தால் குழந்தைகளுக்கு மாலைக்கண் வரும். கரும்பச்சைக் கீரைகளும் முருங்கை இலையும் பப்பாளியும் அதைத் தடுக்க உதவும். கோடையில் சந்தைக்கு வரும் கீரை குறையும், விலை ஏறும். ஏழைக் குடும்பத்தின் உணவிலிருந்து முதலில் விலகுவது கீரையும் காயும்தான். அந்த மாதங்களில் வீட்டு முருங்கை தரும் ஒரு கைப்பிடி இலை குழந்தையின் கண்ணைக் காக்கும் உணவாகிறது.

2003க்குப் பின்

தொடர்ந்து மழை குறைந்ததால் 2003-04இல் சென்னையில் குழாய் நீர் வழங்கல் கடும் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கூரை நீர் மணலும் கூழாங்கல்லும் நிறைந்த குழி வழியே நிலத்தில் இறங்க வழிசெய்யப்பட்டது. பராமரித்த இடங்களில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்தது. மூடாமல் விட்ட பழைய கிணறுகள் அப்போது மீண்டும் பயன்பட்டன.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்நிலைகளும் ஏறத்தாழ வறண்டன. சூலையில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் கொண்டுவரப்பட்டது. குடத்தோடு மக்கள் லாரிக்குக் காத்திருந்த அந்நாட்களில், செடிக்கு நீர் விடுவது சரியா என்ற கேள்வியும் எழுந்தது. குடிநீரை ஊற்றுவதானால் அது சரியன்று. காய்கறி கழுவிய நீரையும் குளித்த நீரையும் ஊற்றுவதானால் அங்கு யாருடைய பங்கும் குறையவில்லை.

இதற்கிடையில் 2013-14 முதல் சென்னை, கோவை நகரங்களில் மாடித்தோட்டத்துக்கான பைகள், தென்னைநார்க் கழிவு, விதை, உரம் ஆகியவை மானிய விலையில் வழங்கப்பட்டன. மாடித்தோட்டம் பலரை மீண்டும் செடிவளர்ப்புக்கு அழைத்து வந்தது. எனினும் கோடையில் தரைத்தோட்டத்தைவிட அதற்கே இடர் மிகுதி. பையில் உள்ள மண் குறைவு. தளத்தின் சூடு கீழிருந்தும் தாக்கும். நிழல்வலை, மூடாக்கு, இருவேளை நீர் ஆகியவை இன்றி அங்குக் கீரை தாங்காது. கீழ்த்தளத்தில் வெளியேறும் குளியல் நீர் தானாக மாடிக்கு ஏறுவதும் இல்லை.

இன்று செய்யக்கூடியவை

பயன்பட்ட நீரைத் தோட்டத்துக்கு விடுவோர் சில நெறிகளைக் கடைப்பிடிப்பது நல்லது. கழிவறை நீரை ஒருபோதும் கலக்கக் கூடாது. குளியல் நீருக்குத் தனிக்குழாய் அமைத்து, மணலும் சரளையும் நிரப்பிய தொட்டி வழியே விடலாம். அந்நீரை ஒரு நாளுக்குமேல் தேக்கி வைத்தால் நாற்றமும் கொசுவும் பெருகும். சலவைத்தூள் மிகுந்த முதல் அலசல் நீரைத் தவிர்த்து, கடைசி அலசல் நீரைப் பயன்படுத்தலாம். வாழை, மரங்கள், பூச்செடிகள் ஆகியவற்றின் வேரடியில் விடலாம். பச்சையாக உண்ணும் கீரை, வெள்ளரி ஆகியவற்றின்மேல் படக்கூடாது. இந்தப் பாகுபாடு பழைய கிணற்றடிக் கால்வாயில் இருந்ததுதான்.

முடிவுரை

கொல்லைத் தோட்டம் குறைந்த நீரில் ஒரு குடும்பத்துக்குக் கீரையும் காயும் பூவும் தந்த அமைப்பு. செடித் தேர்வு, மண்ணின் எரு, நிழல், மூடாக்கு ஆகியவை அதற்குத் துணைநின்றன. ஒருமுறை பயன்பட்ட நீரே அதற்கு அடிப்படையாக இருந்தது. கிணற்றடித் தளத்தின் சரிவு நூல் எதிலும் பாடமாக எழுதப்பட்டதில்லை. வீடு கட்டிய கொத்தனாரும் வீட்டுப் பெண்களும் பழக்கத்தால் அறிந்திருந்தது அது. அடுக்குமாடி வீட்டிலும் அரிசி களைந்த நீர் நாள்தோறும் மிஞ்சுகிறது. சமையலறைச் சன்னலோரம் ஒரு கறிவேப்பிலைத் தொட்டியை வளர்க்க அது போதும்.